வெற்றுப் பனி என்று எழுதாதீர்கள்: தமிழ்ப் பாடநூல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கனடாவில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாடநூல் எழுதும் ஆசிரியர்களுக்கும், அந்நூல்களைத் தேர்ந்தெடுக்கும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளின் நிருவாகிகளுக்கும்,

அன்புடையீர், வணக்கம்.

ஸ்காபரோவில் பல ஆண்டுகளாகச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்திவருகிறேன். சென்ற மாதம் ஐந்தாம் நிலைப் பிள்ளைகளுக்கு, கனடாவின் வடகோடியில் வாழும் மக்களைப் பற்றிய ஒரு பாடத்தை நடத்தவேண்டியிருந்தது. இரண்டே பக்கங்கள், அவற்றில் ஒன்று முழுவதும் பனிவீட்டின் படம். மற்றப் பக்கத்தில் இருந்தவற்றின் சாரம் இதுதான்: வடக்கே எஸ்கிமோக்கள் வாழ்கிறார்கள், அங்கே பார்க்குமிடமெல்லாம் வெற்றுப் பனி, அவர்கள் ஓரிடத்தில் தங்காமல் அலைந்து திரிபவர்கள், எழுத்து இல்லாதிருந்ததால் அவர்களுடைய பழைய வரலாறு தெரியவில்லை. பாடத்தை நடத்தாமல் நூலை மூடிவிட்டேன். அந்த நூலின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை, ஏனெனில் இதே நான்கு கூற்றுகளை வேறு நூல்களிலும் சிறு மாற்றங்களோடு பார்த்திருக்கிறேன். அவற்றை எழுதியவர்கள் தீய நோக்கத்தோடு எழுதவில்லை என்பதையும் அறிவேன். ஆயினும் அந்த நான்கும் பிழை. நான்காவது பிழையிலிருந்துதான் மற்றவை பிறக்கின்றன என்பது என் கருத்து.

முதலாவதை விரைவில் முடித்துவிடலாம். 'எஸ்கிமோ' என்பது அயலார் இட்ட பெயர். கனடா, அலாஸ்கா, கிரீன்லாந்து ஆகிய இடங்களிலிருந்து வந்த பேராளர்கள் 1977-இல் அலாஸ்காவில் கூடி அமைத்த பேரவை 'இனுயிட்' என்ற பெயரையே தேர்ந்துகொண்டது. கனடாவில் இன்று பழைய பெயர் இழிசொல்லாகவே கருதப்படுகிறது. 'இனுயிட்' என்பது 'மனிதர்கள்' என்று பொருள்படும் பன்மைச் சொல், ஒருவரைக் குறிப்பது 'இனுக்'. ஆகையால் 'இனுயிட்டுகள்' என்று மேலும் ஒரு பன்மை விகுதியைச் சேர்க்கத் தேவையில்லை. இந்த நாட்டில் அவர்கள் எழுபதாயிரத்துக்குச் சற்று அதிகமானோர். ரொறன்ரோப் பெரும்பாகத்தில் வாழும் தமிழரைவிடக் குறைவு. நாம் அவர்களைப் பற்றி எழுதும் ஒவ்வொரு வரியும் கவனமாக இருக்கவேண்டும் என்பதற்கு அந்த எண்ணிக்கையும் ஒரு காரணம்.

இனி, வரலாறு தெரியவில்லை என்ற கூற்றுக்கு வருகிறேன்.

மார்ட்டின் ஃபுரோபிஷர் என்ற ஆங்கிலக் கடலோடி 1576, 1577, 1578 ஆகிய மூன்று கோடைகளில் கனடாவின் வடகிழக்கே உள்ள பாஃபின் தீவின் தென்கிழக்கு முனைக்குக் கப்பலோட்டி வந்தார். முதற் பயணத்தில் கரைக்குப் போன அவருடைய மாலுமிகள் ஐவர் திரும்பவில்லை. அவரும் இனுயிட் மக்கள் சிலரைப் பிடித்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அவர்கள் அங்கே சில நாட்களிலும் வாரங்களிலும் இறந்துபோனார்கள். கடைசிப் பயணத்தில் தங்கம் என்று நம்பி ஆயிரம் டன்னுக்கும் மேற்பட்ட பாறையை வெட்டி ஏற்றிச் சென்றார், அதில் தங்கம் இல்லை. பின்வந்த ஐரோப்பியப் படவரைஞர்கள் அவர் சென்ற இடத்தையே தவறவிட்டு, 'ஃபுரோபிஷர் நீரிணை' என்ற பெயரைக் கிரீன்லாந்தின் மேல் எழுதிவைத்தார்கள். அச்சும் ஏடும் நூலகமும் உடைய சமூகம் அந்த இடத்தை மறந்தது.

1861-இல் சார்ல்ஸ் ஃபிரான்சிஸ் ஹால் என்ற அமெரிக்கர் அந்தக் கரையில் இனுயிட் குடும்பங்களோடு பயணம் செய்துகொண்டிருந்தார். தக்குலித்துக், இபியர்விக் என்ற இனுயிட் தம்பதியர் அவருக்கு மொழிபெயர்த்து உதவினார்கள். அவர்கள் இல்லையேல் ஹாலின் குறிப்பேடுகளில் பெரும்பகுதி வெறுமையாக இருந்திருக்கும். ஊக்கிஜொக்சி நினூ என்ற முதிய பெண்மணி தம் முன்னோரிடமிருந்து கேட்டதை அவருக்குச் சொன்னார். வெள்ளையர் கப்பல்களில் வந்தார்கள். முதலில் இரண்டு, அடுத்து இரண்டோ மூன்றோ, அதற்கும் அடுத்த ஆண்டு மிகப் பல. ஐந்து வெள்ளையர் பின்தங்கிவிட்டார்கள், அவர்கள் ஒரு தீவில் படகு கட்டிப் புறப்பட முயன்றார்கள், குளிர் அவர்களைத் திருப்பியனுப்பியது, பின்னர் இறந்துபோனார்கள். 'கொட்லுனார்ன்', அதாவது வெள்ளையர் தீவு, என்று மக்கள் பெயரிட்டு வழங்கிய அந்தச் சிறு தீவுக்கு ஹால் போனார். வெட்டப்பட்ட அகழிகள், நிலக்கரி, ஓட்டுத் துண்டுகள் எல்லாம் அங்கே கிடந்தன. கடைசிப் பயணத்தில் ஃபுரோபிஷர் கொண்டுவந்த கப்பல்கள் 15. 'மிகப் பல' என்று அந்தப் பெண்மணி சொன்னது 283 ஆண்டுகளுக்கு முந்திய கோடையைப் பற்றியது. நீரிணை என்று ஐரோப்பியர் எண்ணியிருந்தது ஒரு விரிகுடாவே என்பதும் ஹாலின் அந்தப் பயணத்தில்தான் அவர்களுக்குத் தெளிவாயிற்று. இனுயிட் மக்களுக்கு அதில் ஒருபோதும் ஐயம் இருந்ததில்லை.

மாலுமிகள் ஐவரையும் இனுயிட் மக்கள் சிறைபிடித்தார்கள் என்பது ஆங்கிலேயரின் ஏட்டில் உள்ள ஊகம். பின்தங்கியவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு உள்ள ஒரே சாட்சியம், எழுத்து இல்லாதவர்கள் என்று நம் பாடநூல் ஒதுக்கிவிட்டவர்களின் வாயில் இருந்தது.

அடுத்த எடுத்துக்காட்டை உங்களில் பலர் செய்தியாகவேனும் கேட்டிருப்பீர்கள். ஜான் ஃபிராங்க்ளினின் இரு கப்பல்கள், எரெபஸும் டெரரும், 1845-இல் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு வடகோடிக் கடல் வழியே ஆசியாவை அடையும் 'வடமேற்கு வழி'யைத் தேடிப்போய் 129 பேரோடு காணாமற்போயின. 1854-இல் ஜான் ரே என்ற மருத்துவர் இனுயிட் மக்களிடமிருந்து அவர்களின் முடிவைக் கேட்டறிந்து லண்டனுக்குச் சொன்னார்: பட்டினியால் தெற்கு நோக்கி நடந்தார்கள், வழியில் விழுந்து இறந்தார்கள், கடைசியில் இறந்தவர்களின் தசையைத் தின்றார்கள். லண்டன் கொதித்தது. நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸ் தம் வார இதழில், நாகரிகமற்றவர்களின் பேச்சை நம்பிக் கடற்படை வீரர்களைப் பழிப்பதா என்று எழுதினார். அந்த மக்களே அவர்களைக் கொன்றிருக்கலாம் என்ற ஐயத்தையும் கிளப்பினார். ஒன்றேகால் நூற்றாண்டுக்கும் மேலான பின்னர், கிங் வில்லியம் தீவில் எடுக்கப்பட்ட எலும்புகளில் கத்தி வெட்டுகள் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். ரேயிடம் சொல்லப்பட்டது உண்மை.

கப்பல்களின் கதையும் அவ்வாறே. 1879-இல் புத்தூராக் என்ற முதியவர், ஷ்வாட்கா என்ற அமெரிக்கப் படை அதிகாரியிடம் தாம் கண்டதைச் சொன்னார். உத்ஜுலிக் என்ற பகுதியில் பனியில் சிக்கி நின்ற பெரிய கப்பலுக்குள் போனபோது படுக்கை ஒன்றில் இறந்த வெள்ளையர் ஒருவர் கிடந்தார். உள்ளே போகும் வழி தெரியாமல் மக்கள் கப்பலின் பக்கத்தில் துளையிட்டதால் கோடையில் பனி உருகியதும் அது மூழ்கியது. பாய்மர நுனிகள் மட்டும் நீருக்கு மேலே தெரிந்தன. உத்ஜுலிக் என்றால் தாடிச் சீல்கள் உள்ள இடம். எரெபஸ் 2014 செப்டம்பரில் அந்தப் பகுதியில்தான், பதினொரு மீட்டர் ஆழத்தில், கண்டெடுக்கப்பட்டது. இரண்டாண்டுகள் கழித்து, கிங் வில்லியம் தீவில் உள்ள ஜோவா ஹேவன் ஊரைச் சேர்ந்த சாமி கொக்விக், சில ஆண்டுகளுக்கு முன் வேட்டைக்குப் போன வழியில் ஒரு விரிகுடாவின் பனியைத் துளைத்துக்கொண்டு நின்ற மரத்தூணைக் கண்டதைத் தேடற்குழுவினரிடம் கூறினார். கப்பல் திசை திரும்பியது; டெரர் கிடைத்தது.

அதே ஊரில் லூயி கமூக்காக் என்ற ஆசிரியர் இருந்தார். 2018-இல் மறைந்தார். அவர் சிறுவனாக இருந்தபோது கொள்ளுப்பாட்டி ஹும்மாஹுக், தாம் சிறுமியாகத் தந்தையோடு தீவின் கரையில் நடந்த நாளில் துப்பாக்கிக் குண்டுகளையும் உலோகக் கரண்டியையும் கண்டதையும், ஓர் ஆள் நீளத்துக்கு மண்மேடு ஒன்று இருந்ததையும் அவருக்குச் சொன்னார். பள்ளியில் ஃபிராங்க்ளினைப் பற்றிப் படித்தபோதுதான் பாட்டி சொன்னதும் பாடநூல் சொல்வதும் ஒரே நிகழ்வு என்பது அவருக்குப் புரிந்தது. பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டு அவர் திரட்டியவை, கப்பல்களின் இருப்பிடத்தைத் தேடியவர்களுக்குக் கைவிளக்காயின. ஒரு பாடநூல் ஆசிரியருக்கு இதைவிடச் சிறந்த கதை கிடைக்குமா என்று எண்ணிப் பார்க்கிறேன்.

வாய்மொழி எதுவானாலும் அப்படியே உண்மை என்று நான் சொல்லவரவில்லை. ஃபிராங்க்ளினைப் பற்றி ஹாலும் மற்றவர்களும் தொகுத்த சாட்சியங்களில் 1830-ஐ ஒட்டி அதே பகுதியில் குளிர்காலங்களைக் கழித்த ஜான் ராஸின் கப்பலைப் பற்றிய நினைவுகளும் கலந்திருக்கின்றன; எந்த வெள்ளையர், எந்தக் கப்பல் என்பதைப் பிரித்தறிவதற்கு ஆய்வாளர்கள் பெரும்பாடு பட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டதில் வழுக்களும் நேர்ந்தன. ஆனால் கடிதத்திலும் கப்பற்குறிப்பிலும் அரசாணையிலும் வழு இல்லையா? அவற்றை நாம் ஒப்பிட்டும் சோதித்தும் பயன்படுத்துகிறோம். வாய்மொழிக்கும் அதே உழைப்பைத் தரவேண்டும் என்பதே என் வேண்டுகோள். இனுயிட் மரபே அந்தச் சோதனைக்கு இடம் வைத்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் பழங்கதைகள் 'உனிக்காக்துவாத்' என்றும், ஒருவர் தம் வாழ்நாளில் கண்டும் பட்டும் அறிந்தவை 'உனிக்காவுசீத்' என்றும் தனித்தனியே பெயர் பெறுகின்றன. முதியவர்கள் சாட்சியம் சொல்லும்போது, இது நானே கண்டது, இது என் தாயிடம் கேட்டது, அதற்கு மேல் எனக்குத் தெரியாது என்று வரையறுத்துப் பேசுவதை அவர்களின் பதிவுகளைப் படித்த எவரும் கவனித்திருப்பார்கள். தாம் அறியாததைச் சொல்வது இழுக்கு என்று கருதும் மரபு அது. இக்லூலிக் ஊர் முதியவர்களின் பேச்சை 1986 முதல் ஒலிநாடாக்களில் பதிந்து, எழுதி, மொழிபெயர்த்து வைத்திருக்கும் பெருந்தொகுப்பு ஒன்று இருக்கிறது. பனிவீட்டுப் படத்தை வரைந்தவர் அதிலிருந்து ஒரு பக்கத்தைப் படித்திருந்தால்கூட வேறு படத்தை வரைந்திருப்பார்.

வெற்றுப் பனி என்ற கூற்றுக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்துக் காணி உறுதிப்பத்திரங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நம்முடைய ஒவ்வொரு காணித்துண்டுக்கும் ஒரு பெயர் உண்டு. வழிப்போக்கனுக்கு அது வெறும் பனங்காணி. உடையவர்களுக்குப் பெயரும் எல்லையும் கதையும் கொண்ட இடம். பாஃபின் தீவுக்கு வடக்கே கிடக்கும் டெவன் தீவின் செங்குத்துப் பாறைகளில் மேலிருந்து கீழாகக் கோடுகள் ஓடுகின்றன. அவை பெண்களின் முகவாயில் குத்தப்படும் பச்சைக் கோடுகளைப் போன்றிருப்பதால் அந்த இடத்துக்கு இனுயிட் மக்கள் இட்ட பெயர் தல்லுருத்தி. அதையொட்டிய கடல் 2019-இல் பாதுகாக்கப்பட்ட கடற்பரப்பாக ஏற்கப்பட்டபோது 'தல்லுருத்தியுப் இமங்கா' என்ற பெயரையே பெற்றது. ஆங்கிலப் படத்தில் அது லங்காஸ்டர் நீரிணை. ஒரு பெயர் அங்கே போகாத ஒரு கனவானை நினைவூட்டுகிறது. மற்றது படகில் வருகிறவனுக்குக் கரையை அடையாளம் காட்டுகிறது. இனுயிட் இடப்பெயர்களில் மிகப் பல இத்தகையவை: ஆறு அகலும் இடம், மாக்கல் கிடைக்கும் இடம், மீன் நிறைந்த இடம். இனுயிட் மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஆட்சிப்பகுதியான நூனவுட்டின் தலைநகர் இக்கலுயிட் என்ற பெயரின் பொருள் மீன்கள் நிறைந்த இடம் என்பதே. 1987 வரை அதன் அரசுப் பெயர் ஃபுரோபிஷர் பே.

பனி மூடினால் வழி மறையும், பனிக்காற்று தடத்தை அழிக்கும். ஆனாலும் இக்லூலிக்கிலிருந்து புறப்படும் பனிச்சறுக்கு வண்டிப் பாதைகள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஏறத்தாழ அதே இடத்தில் மீண்டும் தோன்றுகின்றன, ஏனெனில் பாதை மனிதர்களின் நினைவிலும் இடப்பெயர்களின் வரிசையிலும் இருக்கிறது. 1822-இல் எட்வர்ட் பாரி என்ற ஆங்கிலக் கடலோடியின் கப்பல்கள் உறைந்து நின்ற குளிர்காலத்தில், இலிக்லியுக் என்ற பெண் தாம் அறிந்த கரையோரத்தைத் தாளில் வரைந்துகாட்டினார். அந்தப் படத்தைப் பின்பற்றித்தான் பாரி வடக்கே ஒரு நீரிணையைக் கண்டார். அதற்கு அவர் தம் இரு கப்பல்களின் பெயரைச் சூட்டினார். வரைந்தவரின் பெயர் அந்த நீரிணைக்குக் கிடைக்கவில்லை.

நிலம் என்று நாம் எழுதும் சொல்லும் இங்கே போதாது. இனுயிட் மக்களின் நான்கு தாயகப் பகுதிகளையும் சேர்த்துக் குறிக்க 'இனுயிட் நுனாங்காத்' என்ற பெயர் 2009 முதல் வழங்குகிறது. முன்பு வழங்கிய கிரீன்லாந்துச் சொல் தரையை மட்டுமே குறிக்கிறது என்றும், நீரையும் பனியையும் உள்ளடக்கிய சொல்லே தேவை என்றும் அவர்கள் எண்ணியதே காரணம். உறைந்த கடல் அவர்களுக்குச் சாலை, வேட்டைக்களம், சில மாதங்களுக்குக் குடியிருப்பு. அலைந்து திரிபவர்கள் என்று நாம் எழுதிவிட்டது, ஓராண்டின் பருவங்களுக்கேற்ப அறிந்த இடத்திலிருந்து அறிந்த இடத்துக்குப் போய்வரும் வாழ்க்கையை. ஒரு மக்கட்கூட்டத்தைக் குறிக்க அவர்கள் இடப்பெயரோடு 'மியுத்' என்ற விகுதியைச் சேர்க்கிறார்கள். நாம் ஊரின் பெயரோடு 'ஆர்' சேர்ப்பதைப் போன்றது அது. நாடோடிக்கு எதற்கு ஊர்ப்பெயர்?

குடும்பத்துக்கும் இடத்துக்கும் உள்ள பிணைப்பு பெயரிடும் முறையில் தெளிவாகத் தெரிகிறது. குழந்தை பிறந்தால் அண்மையில் மறைந்த ஒருவரின் பெயரை அதற்கு இடுகிறார்கள்; பெயரோடு உறவும் வருகிறது. இறந்த தன் தாயின் பெயர் பேத்திக்கு இடப்பட்டிருந்தால், பாட்டி அந்தக் குழந்தையை 'அம்மா' என்று அழைப்பாள். பெயர் பகிர்ந்தவர்களைச் சில பகுதிகளில் 'சௌனிக்', அதாவது எலும்பு, என்று அழைக்கிறார்கள். 'பெயரன்' என்ற சொல்லைப் 'பேரன்' ஆக்கி நாள்தோறும் வழங்கும் நமக்கு இதை விளக்க நெடுநேரம் ஆகாது. தாத்தாவின் பெயர் தாங்கிய பையனை வாய்கூசாமல் 'அப்பா' என்று அழைக்கும் வீடுகள் நம்மிடையே எத்தனை! மறைந்தவரின் பெயரைச் சுமக்கும் பிள்ளைக்கு அவர் வேட்டையாடிய இடமும் அவர் அங்கே பட்டதும் சொல்லிக்கொடுக்கப்படும். 1941 முதல் கனடா அரசு அந்தப் பெயர்களைப் பதிய முடியாதென்று சொல்லி, ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த வட்டத் தகடு ஒன்றைக் கொடுத்தது. கிழக்குப் பகுதியினருக்கு 'இ' என்ற ஆங்கில எழுத்தோடு தொடங்கும் எண். 1968 முதல் 1971 வரை ஏப் ஓக்பிக் என்ற இனுயிட் தலைவர் ஊர் ஊராகப் போய்க் குடும்பப் பெயர்களைப் பதிந்த பின்னரே அந்தத் தகடுகள் வழக்கொழிந்தன.

அங்கே வெறும் பனிதான் இருக்கிறது, மக்களை எங்கே வைத்தாலும் ஒன்றுதான் என்ற எண்ணம் பாடநூலில் மட்டும் இருந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். 1953-இலும் 1955-இலும் கியூபெக்கின் வடக்கே இனுக்ஜுவாக்கிலிருந்த குடும்பங்களை அரசு கப்பலேற்றி, ஏறத்தாழ இரண்டாயிரம் கிலோமீட்டர் வடக்கே இரண்டு இடங்களில் இறக்கியது. அவற்றின் இனுயிட் பெயர்கள் அவுசுயித்துக், கவுசுயித்துக்: ஒருபோதும் உருகாத இடம், விடியாத இடம். இனுயிட் மக்கள்தானே, பனியும் இருக்கிறது, என்ற கணக்கு. இனுக்ஜுவாக்கில் குளிர்காலத்திலும் வெயில் வரும். இங்கே மாதக்கணக்கில் இருள். அங்கே அவர்கள் அறிந்த பறவை, பழம், மீன், பாதை எதுவும் இங்கே இல்லை. பெயர்கூடத் தெரியாத மலைகளுக்கிடையே வேட்டையைப் புதிதாகக் கற்கவேண்டியிருந்தது. எல்லோரும் சேர்ந்தே இருப்போம் என்று நம்பிப் புறப்பட்டவர்கள், உறவினரிடமிருந்து பிரிக்கப்படப்போவதைக் கப்பலில்தான் அறிந்தார்கள். விரும்பாவிட்டால் இரண்டாண்டுகளில் திரும்பலாம் என்று தமக்கு வாக்களிக்கப்பட்டதாக அவர்கள் வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்தார்கள்.

இனி நடந்ததை நம் நான்காவது கூற்றோடு சேர்த்துப் படியுங்கள். 1990-இல் அரசின் சார்பில் எழுதப்பட்ட ஓர் அறிக்கை, பெரும்பாலும் கோப்புகளை ஆராய்ந்து, அரசு நல்லெண்ணத்தோடு நடந்துகொண்டது என்று முடித்தது. கோப்புகளை எழுதியவர்கள் அதிகாரிகளே. 1993-இல் ஆதிகுடிகளுக்கான அரச ஆணைக்குழு அந்தக் குடும்பங்களை ஒட்டாவாவுக்கு அழைத்து அவர்கள் பேசுவதைக் கேட்டது. 1994-இல் வெளியான அதன் அறிக்கை, அவர்கள் சொன்னதை ஏற்று, அரசு மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றது. மன்னிப்பு 2010 ஆகஸ்டில் வந்தது. கப்பலேறியவர்களில் பலர் அதற்குள் மண்ணுக்குள் போய்விட்டார்கள். இன்னொரு எடுத்துக்காட்டு: கனடாவின் கிழக்குக் கரையான லாப்ரடாரில் இனுயிட் மக்கள் வாழ்ந்த ஹெப்ரன் ஊர் மூடப்படும் என்ற அறிவிப்பு 1959-இல் தேவாலயத்துக்குள் சொல்லப்பட்டது. தேவாலயத்தில் எதிர்த்துப் பேசுவது அந்த மக்களின் வழக்கம் இல்லை. அவர்கள் பேசவில்லை என்பது ஏட்டில் இசைவாகப் பதிவாகியிருக்கும் என்று ஊகிப்பது எனக்குக் கடினமாக இல்லை.

வண்டி இழுக்கும் நாய்களைப் பற்றிய வழக்கும் இதேதான். 1950-களிலும் 60-களிலும் காவல்துறையினரும் மற்ற அதிகாரிகளும் நாய்களைச் சுட்டுக்கொன்றார்கள் என்று மக்கள் சொல்லிவந்தார்கள். நாய் இல்லையேல் வேட்டைநிலத்துக்குப் போகும் வழி இல்லை. 2006-இல் காவல்துறை தன்னைத் தானே விசாரித்து, திட்டமிட்ட அழிப்பு எதுவும் நடக்கவில்லை என்றது. பாஃபின் பகுதி இனுயிட் சங்கம் தன் சொந்தச் செலவில் ஆணைக்குழு அமைத்து, 2010 வரை ஏறத்தாழ 350 பேரின் சாட்சியங்களைத் திரட்டியது. 2019-இல் கூட்டாட்சி அமைச்சர் இக்கலுயிட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். கியூபெக்கின் வடக்கே நுனாவிக் மக்களிடம் அதே குற்றத்துக்காக 2024 நவம்பரில் மன்னிப்புக் கேட்டவர், அப்போது அமைச்சராயிருந்த ஹரி ஆனந்தசங்கரி. நம் ஸ்காபரோவின் பிரதிநிதி, நம் மொழி பேசும் வீட்டுப் பிள்ளை. ஒரு தமிழர் கனடாவின் சார்பில் அந்த முதியவர்களின் முன் நின்று, நீங்கள் சொன்னது உண்மை என்று ஏற்றிருக்கிறார். நம் பாடநூலோ அவர்களுடைய வரலாறு தெரியவில்லை என்று இன்னமும் அச்சிட்டுக்கொண்டிருக்கிறது.

நீதிமன்றங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆதிகுடிகளின் நிலவுரிமை சட்டத்தில் உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 1973-இல் ஏற்றபின், எந்த நிலத்தில் யார் வாழ்ந்தார்கள் என்பதை நிறுவவேண்டிய சுமை இனுயிட் மக்கள் மேல் விழுந்தது. உறுதிப்பத்திரம் கிடையாது. ஏறத்தாழ 1,600 பேர் தாங்கள் வாழ்நாளில் எங்கெங்கே வேட்டையாடினார்கள், மீன்பிடித்தார்கள், கூடாரமிட்டார்கள் என்பதை நினைவிலிருந்து வரைபடங்களில் குறித்தார்கள். மூன்று தொகுதிகளாக 1976-இல் வெளிவந்த அந்த ஆய்வின் வரைபடத் தாள்களை அடுக்கிப் பார்த்தபோது வெற்றிடம் என்று சொல்லத்தக்க பரப்பு அரிதாகிப்போயிற்று. 1993-இல் கையொப்பமான நூனவுட் உடன்படிக்கைக்கும், 1999 ஏப்ரல் முதல் நாள் பிறந்த நூனவுட் ஆட்சிப்பகுதிக்கும் அந்தக் கோடுகள் அடித்தளம். 1997-இல், பசிபிக் கரையின் கிட்சான், வெட்சுவெட்டன் மக்களின் வழக்கில், வாய்மொழி வரலாற்றை எழுத்து ஆவணங்களுக்கு நிகராக வைத்து எடைபோடவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதே வழக்கின் கீழ்நீதிமன்றத்தில் ஒரு மூதாட்டி தம் குலப்பாடலைச் சான்றாகப் பாடமுற்பட்டபோது, தமக்கு இசை கேட்கும் காது இல்லை என்று நீதிபதி முகம் சுளித்திருந்தார். 2017-இல் பாஃபின் தீவின் கிளைட் ரிவர் ஊரார் கடலடி எண்ணெய்த் தேடலை எதிர்த்து வென்ற வழக்கிலும் இதே முரண் வெளிப்பட்டது. அவர்களின் கேள்விகளுக்கு நிறுவனங்கள் 3,926 பக்க ஆவணம் ஒன்றை இணையத்தில் ஏற்றின. அதில் மிகச் சிறு பகுதியே இனுக்டிட்டுட் மொழியில் இருந்தது. வடக்கின் இணைய வேகத்தில் அதைத் தரவிறக்குவதே பாடு. ஊராரை நேரில் அமர்த்திக் கேட்கும் விசாரணை எதுவும் வைக்கப்படவில்லை என்பதையும் நீதிமன்றம் குறையாகக் குறித்தது.

என் வேண்டுகோள் பெரிதன்று. அந்த இரண்டு பக்கங்களை நீக்கிவிட்டுப் புதிதாக எழுதுங்கள். பனிவீட்டின் படத்துக்குப் பதிலாக, ஒவ்வொரு ஊருக்கும் இனுயிட் பெயரும் அதன் பொருளும் முதலில் வரும் ஒரு வரைபடத்தைப் போடுங்கள்; ஆங்கிலப் பெயர் அடைப்புக்குள் இருக்கட்டும். ஊக்கிஜொக்சி நினூ சொன்னதையும் லூயி கமூக்காக் கேட்டதையும் ஐந்தாம் நிலைப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லலாம். 1953-இல் குடும்பங்களை இடம்பெயர்த்த கதையை எட்டாம் நிலைக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் விட்டுவிடக் கூடாது. அங்கே இன்று பள்ளிகள், சட்டமன்றம், வானொலி, இனுக்டிட்டுட் எழுத்தில் அச்சாகும் செய்தித்தாள் எல்லாம் இருக்கின்றன என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். பிள்ளைகள் அவர்களை அருங்காட்சியகத்து மனிதர்களாக எண்ணிவிடக் கூடாது. எழுதி முடித்ததும் அச்சுக்கு அனுப்புமுன் இனுயிட் ஒருவரிடம் கூலி கொடுத்துக் காட்டுங்கள். ஒட்டாவாவில் பெருந்தொகையாக வாழ்கிறார்கள், தேடிப்போவது கடினமன்று. நான் இந்த மடலில் எழுதியிருப்பவற்றையும், குறிப்பாகச் சொற்களின் ஒலிப்பையும் பொருளையும், அவ்வாறு சரிபார்த்த பின்பே பயன்படுத்தவேண்டும்.

புதிய பதிப்பு கோடை விடுமுறைக்கு முன் அச்சுக்குப் போவதாகக் கேள்விப்பட்டேன். வேண்டுமானால் பாடத்தின் முதல் வரைவை நானே எழுதித் தருகிறேன். நான்கு வாரம் போதும். அது வரும்வரை என் வகுப்பில் அந்தப் பாடம் நடத்தப்படாது என்பதைப் பெற்றோருக்கும் அறிவித்துவிட்டேன்.

இங்ஙனம்,
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு ஆசிரியை ஒருவர்,
ஸ்காபரோ, ஒன்ராறியோ.